சுவரில்லாத கொட்டகைக்கு வெளியேறும் வழி

"நீ சுடக் கூடாதுன்னு நான் என்னைக்காவது சொன்னேனா?"

"இல்ல."

"துப்பாக்கிய வித்துடுன்னு சொன்னேனா?"

"இல்ல, மார்விஸ்."

"அந்தக் குண்டு எங்க போயி நிக்கும்னு கேட்டேன். அவ்வளவுதான். மூணு ஆம்பளைங்க வரிசையா நின்னீங்க. ஒருத்தருக்காவது பதில் தெரிஞ்சுதா?"

ஆர்லோ ஃபென்ஸ்கி காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். மார்விஸ் தன் பெரிய பெட்டியையும், தக்காளி பதப்படுத்தும் பிரஷர் குக்கரையும் பின்பக்கம் ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்தினாள். குக்கர் போவதைப் பார்த்ததும்தான் இது இரண்டொரு நாள் கோபம் இல்லை என்று அவனுக்குப் புரிந்தது.

"அது எங்க நிக்கும்னு எனக்குக் காட்டு. அப்புறம் பாக்கலாம். அதுவரைக்கும் அக்கா லவோன் வீட்டுல இருக்கேன்," என்றாள். சாவியைப் போட்டாள். வண்டியைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் இருந்தாள். "வேற ஏதாச்சும் சொல்லணுமா?"

ஆர்லோ யோசித்தான். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது.

"பின் சக்கரத்துல காத்து கம்மியா இருக்கு," என்றான்.

மார்விஸ் தலையை வெளியே நீட்டிச் சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

பால் டேங்கர் ஓட்டுகிறவனுக்குத் தனியாக யோசிக்க நேரம் அதிகம். பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலை ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியெல்லாம் அந்த உரையாடலை ஆர்லோ மறுபடி மறுபடி பேசிப் பார்த்தான். லாரிக்குள் அவன் பிரமாதமாகப் பேசினான். சில நாட்கள் அவனுடைய பேச்சைக் கேட்டு அவனுக்கே கண் கலங்கியது. லாரியை விட்டு இறங்கினால் எல்லாம் மறந்துபோகும்.

நடந்தது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆர்லோவும், பக்கத்துப் பண்ணை டெல்மரும், டெல்மரின் மச்சானும் வழக்கம்போல வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவில் கிடந்த பழைய சலவை மெஷினைக் குறிவைத்துச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு குண்டு மெஷினின் இரும்பில் பட்டுத் திரும்பி, கொடியில் காய்ந்த போர்வையைத் துளைத்துக்கொண்டு போனது. போர்வைக்கு அந்தப் பக்கம் மார்விஸ் நின்றிருந்தாள், வாயில் ஒரு கிளிப்புடன். அவள் வாயிலிருந்த கிளிப்பை எடுத்தாள். போர்வையை மடித்துக் கூடையில் வைத்தாள். பிறகு அவர்களிடம் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

டெல்மர் பயந்துபோய் ஷெரிஃப் அலுவலகத்துக்கே போன் செய்தான். வந்த அதிகாரி துளையில் விரலை விட்டுப் பார்த்தார். "உங்க நிலம். உங்க துப்பாக்கி. உங்க மெஷின். உங்க போர்வை. எந்தச் சட்டமும் மீறப்படல. நிம்மதியா இருங்க," என்று சொல்லிவிட்டுக் கை நிறையச் சோளக்கதிர் வாங்கிக்கொண்டு போனார். நிம்மதியாக இருக்கச் சொன்னதைக் கேட்டதும்தான் மார்விஸ் பெட்டியை எடுத்தாள்.

வா என்று சொல்லியிருந்தால் அவள் வந்திருப்பாளோ என்னவோ. ஆனால் அந்தக் குடும்பத்தில் கேட்பது மார்விஸின் வேலை. கல்யாணத்தைக்கூட அவள்தான் கேட்டாள். கவுண்டி எனப்படும் அந்த மாவட்டத்தின் பொருட்காட்சியில், பரிசு வாங்கிய பன்றிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "உனக்கு வேற யாரையாச்சும் பிடிச்சிருக்கா? இல்லன்னா நாம பண்ணிக்கலாமா?" என்றாள். ஆர்லோ "சரி" என்றான். தன் வாழ்க்கையில் பேசியதிலேயே அதுதான் சிறந்த பேச்சு என்று அவன் இன்றுவரை நம்பிவந்தான். கேட்கத் தெரியாது. செய்யத் தெரியும். ஆகவே செய்வது என்று முடிவு செய்தான்.

டெல்மர் குளம் வெட்டிக் குவித்திருந்த மண்ணை டிராக்டரில் கொண்டுவந்து கொட்டினான். சரிவுக்கு முன்னால் இரண்டு ஆள் உயரத்துக்கு மேடு எழும்பியது. பின்னால் சரிந்துவிடாதபடி, ரயில் பாதையிலிருந்து கழித்துப்போட்ட கனமான மரக்கட்டைகளை அடுக்கினார்கள். மேட்டின் முன்பக்க மண்ணை மட்டும் ஆர்லோ பழைய கட்டிலின் கம்பி வலையில் போட்டுத் தானே சலித்தான். ஒரு கூழாங்கல்கூட இருக்கக் கூடாது. கல்லில் பட்டால்தானே குண்டு திரும்பும். சாயங்காலம் சாயங்காலமாகச் சலித்தான். சுடுகிறவர்கள் நிற்பதற்கு நான்கு கம்பமும் தகரக் கூரையுமாக ஒரு சின்னக் கொட்டகைக்கும் குழி தோண்டிவிட்டான்.

அதற்கப்புறம்தான் அந்தத் தவறைச் செய்தான். கவுண்டியின் நில உபயோக அலுவலகத்துக்குப் போன் செய்தான்.

"போன் பண்ணியா?" டெல்மர் டிராக்டரிலிருந்து இறங்கியே விட்டான். "எதுக்குய்யா?"

"அனுமதி ஏதாவது வேணுமான்னு கேட்டேன்."

"கேட்டியா? அவங்களா உன்னைக் கேட்டாங்களா?"

"இல்ல. நான்தான்."

டெல்மர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டான். அந்தப் பக்கத்தில் யாரும் அலுவலகத்தைக் கேட்டு எதையும் கட்டியதில்லை. மாட்டுக்கொட்டகை, தானியக் கிடங்கு, மாமியாருக்குத் தனி அறை எல்லாம் எழும்பி நின்றன. ஒரு கட்டடம் இருக்கிற விஷயம் கவுண்டிக்குத் தெரியவருவது அது தீப்பிடித்து எரிந்த பிறகுதான்.

"மார்விஸ் வந்து பாக்கும்போது இதுல ஒரு குத்தம் சொல்ல முடியாதபடி இருக்கணும்," என்றான் ஆர்லோ.

"அவ குத்தம் சொல்ல மாட்டா. இனிமே அவங்க சொல்லுவாங்க," என்றான் டெல்மர்.

நில உபயோக அலுவலகத்தின் நிர்வாகி க்வென்டின் ராஸ்க் மிக மரியாதையான மனிதர். ஆர்லோவை உட்காரவைத்து, காபி கொடுத்து, மேஜை மேல் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டார்.

"இப்ப அங்க என்ன நடக்குது, மிஸ்டர் ஃபென்ஸ்கி?"

"சரிவுல சுடுவோம் சார். ஒரு பழைய சலவை மெஷினைக் குறிவச்சு."

"குண்டைத் தடுக்க ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்ல சார்."

"ரொம்ப நல்லது." ராஸ்க்கின் முகம் மலர்ந்தது. "அது பொழுதுபோக்கு. அதுக்கு எந்த அனுமதியும் தேவையில்ல."

"ஆனா ஒரு குண்டு திரும்பி வந்துடுச்சு சார். என் மனைவி..."

"அது துரதிர்ஷ்டம். துரதிர்ஷ்டம் எங்க துறையில வராது. இப்ப நீங்க சொல்ற இந்த மேடு, கொட்டகை, இதெல்லாம் வேற. இது வசதி. பொழுதுபோக்கு வசதியா மாறிட்டா அது எங்க துறை."

"மழைக்கு ஒரு தகரம்தான் சார்."

"நனைஞ்சுகிட்டே சுட்டா பொழுதுபோக்கு. நனையாம சுட்டா வசதி," என்றார் ராஸ்க் அன்பாக.

"அப்ப மண்மேடு?"

"குண்டு எங்க வேணும்னாலும் போகலாம்னு நீங்க விட்டுட்டா அது இயற்கை. இயற்கையில நாங்க தலையிடறதில்ல. ஆனா அது ஒரே இடத்துலதான் போயி நிக்கணும்னு நீங்க முடிவு பண்ணுறீங்க பாருங்க, அங்கதான் பொறுப்பு வருது. பொறுப்பு வந்துட்டா விசாரணை வேணும். பொறுப்பில்லாம இருக்கறவரைக்கும் உங்களை யாரும் ஒரு கேள்வி கேக்க முடியாது."

ஆர்லோவுக்கு இதில் எங்கோ ஒரு சிக்கல் இருப்பதாகத் தோன்றியது. ஆனால் ராஸ்க் அவ்வளவு கனிவாகச் சொன்னதால், சிக்கல் தன் மூளையில்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். கொடுத்த விண்ணப்பத்தை அங்கேயே உட்கார்ந்து நிரப்பினான். வாரத்துக்கு எத்தனை தடவை சுடுவீர்கள் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊர் வழக்கப்படி ஹோட்டலுக்கு மீன் வறுவல் சாப்பிடப் போனான். பிரிந்திருப்பது வேறு, வெள்ளிக்கிழமை மீன் வறுவல் வேறு. மார்விஸ் வீட்டை விட்டுப் போன வாரம்கூட இருவரும் அதே ஹோட்டலில் அதே மேஜையில்தான் உட்கார்ந்தார்கள். உட்காராமல் இருந்திருந்தால் ஊரில் பேச்சு கிளம்பியிருக்கும். மார்விஸின் அக்கா லவோன் ஒரு காவல்காரியைப்போல நடுவில் உட்கார்ந்துகொள்வாள். அவள் தலைமுடி அலங்காரக் கடை நடத்துகிறவள். ஊரில் யாருக்கு என்ன நடக்கிறது என்பது தலையைக் கழுவும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும்.

"மேடு எந்த மட்டுல இருக்கு?" என்றாள் மார்விஸ், கோஸ் சாலட்டைக் கிளறியபடி.

"மேடு ஆயிடுச்சு. அது மேடுதானான்னு பாக்க ஆள் வருது."

"பாத்தா தெரியாதா?"

"அவங்க அளந்து பாக்கணுமாம்."

லவோன் மீனிலிருந்து முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். "உன் புருஷன் கல்லு மாதிரி உக்காந்திருக்கான் மார்விஸ். இவனைச் சலிச்சாத்தான் சரியாகும்."

மார்விஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். எழுந்து கோட்டு மாட்டிக்கொள்ளும்போது ஆர்லோவின் பக்கம் திரும்பி, "வேற ஒண்ணும் இல்லையே?" என்றாள்.

"முட்டை கொண்டாந்திருக்கேன். இந்த வாரம் கொஞ்சம் சின்னது," என்றான் ஆர்லோ.

மேட்டை அளக்க ஒரு இளம் பெண் அதிகாரி வந்தார். மழைநீர், மண் அரிப்பு, பறவைகள் ஆகிய மூன்றும் அவர் பொறுப்பு. மேட்டைச் சுற்றி வந்தார். குவியல் என்று சொல்ல உயரம் அதிகம், குன்று என்று சொல்ல உயரம் குறைவு என்றார். இரண்டும் இல்லாத ஒன்றைத் தன் துறை இதுவரை சந்தித்ததில்லை என்று கவலைப்பட்டார். மண் கரைந்து ஓடாமலிருக்கச் சுற்றிலும் துணி வேலி போடச் சொன்னார்.

அவர் மேட்டின் அடிவாரத்துக்கு வந்தபோது ஒரு குருவி கத்திக்கொண்டே தரையில் ஓடியது. நம் ஊர் ஆள்காட்டியின் ஒன்றுவிட்ட தங்கச்சிபோல இருக்கும், கழுத்தில் இரண்டு கறுப்பு வளையம். யாராவது முட்டைக்குப் பக்கத்தில் வந்தால் இறக்கை ஒடிந்தமாதிரி தரையில் இழுத்துக்கொண்டு போய், ஆளை வேறு பக்கம் கூட்டிப்போகும். சலித்து ஒதுக்கிய கூழாங்கற்களுக்கு நடுவில் அது முட்டையிட்டிருந்தது.

"ஐயோ பாவம், அடிபட்டிருக்கு," என்றார் அதிகாரி.

"இல்லீங்க, நடிக்குது. முட்டையக் காப்பாத்த அது அப்படித்தான் செய்யும்."

"நடிக்குதுன்னு நீங்க எப்படிச் சொல்றீங்க?"

"நீங்க இந்தப் பக்கம் வந்தா பறந்துடும். பாருங்க."

அதிகாரி இந்தப் பக்கம் வந்தார். குருவி பறந்தது. அவர் அது பறப்பதை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "குணமாகிக்கிட்டு வருது," என்று எழுதிக்கொண்டார். பறவை முழுமையாகக் குணமடையும்வரை, குஞ்சுகள் பொரித்து வெளியேறும்வரை மேட்டின் அருகே யாரும் எதுவும் செய்யக் கூடாது என்று ஒரு மஞ்சள் நாடாவைக் கட்டிவிட்டுப் போனார். போகும்போது, வேலையை நிறுத்தியிருக்கும் காலத்தில் ஆர்லோ விரும்பினால் சலவை மெஷினைச் சுடலாம் என்றும் சொன்னார். அது நாடாவுக்கு வெளியே இருந்தது.

குஞ்சுகள் பொரித்துப் போயின. கொட்டகைக்குக் கம்பம் நட்டு, தகரம் போட்டு முடித்தான். கட்டடப் பரிசோதகர் வந்து கொட்டகைக்குள் நின்று நாலாபக்கமும் பார்த்தார்.

"வெளியேறும் வழி எங்க?"

ஆர்லோவும் நாலாபக்கமும் பார்த்தான். சோளக்கொல்லை தெரிந்தது. டெல்மரின் மாடுகள் தெரிந்தன. தூரத்தில் தேவாலயக் கோபுரம் தெரிந்தது.

"சுவரே இல்லையே சார்."

"அதான் கேக்கறேன். சுவர் இருந்தா ஒரு கதவு இருக்கும், மக்கள் அதை வழின்னு புரிஞ்சுக்குவாங்க. இங்க ஒரு ஆபத்துன்னா அவங்க எந்தப் பக்கம் ஓடுவாங்க?"

"எந்தப் பக்கம் வேணும்னாலும்..."

"அதுதான் குழப்பம்," என்றார் பரிசோதகர். ஒரு கம்பத்தைக் கையால் தட்டிக் காட்டினார். "இங்க ஒரு பலகை. வெளியேறும் வழின்னு சிவப்பு எழுத்துல. விளக்கு எரியணும்."

"இங்க கரண்டு கிடையாது சார்."

"அப்ப கரண்டுக்குத் தனியா விண்ணப்பிக்கணும். கரண்டு வந்துட்டா அது மின்சார வசதியுள்ள கட்டடம். அதுக்குத் தீயணைப்பு விதி வரும். தீயணைப்பு வண்டி வந்து திரும்ப இடம் வேணும்." அவர் மேட்டைப் பார்த்தார். "இந்த மேடு வழியில இருக்கு."

அடுத்து வந்தது ஒலி நிபுணர். பெரிய பெட்டி நிறையக் கருவிகளோடு வந்து, பஞ்சு சுற்றிய ஒலிவாங்கிகளை வேலியோரம் வரிசையாக நட்டார். ஆர்லோ துப்பாக்கியைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டான்.

"கூடவே கூடாது. இது அனுமதி கிடைக்காத வசதி. இங்க சுட முடியாது."

"சுடாம எப்படி சார் சுடற சத்தத்தை அளக்கறது?"

"அதுக்குத்தானே நிபுணர் வேணும்," என்றார் அவர். இரண்டு பலகைகளை எடுத்து ஆர்லோ கையில் கொடுத்தார். "ஒண்ணோட ஒண்ணு ஓங்கித் தட்டுங்க. இயல்பா தட்டுங்க. சுடும்போது என்ன மனநிலையில இருப்பீங்களோ அந்த மனநிலையில."

ஆர்லோ தன் கொட்டகையில் நின்று, மண்மேட்டைப் பார்த்துப் பலகையைத் தட்டினான். நிபுணர் கருவியைப் பார்த்துத் தலையாட்டினார். இன்னும் கொஞ்சம் கோபமாகத் தட்டச் சொன்னார். ஆர்லோவுக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது. வருத்தத்தோடு தட்டினான். அப்போது வேலிக்கு அந்தப் பக்கத்தில் டெல்மர், தன் பீன்ஸ் செடியைத் தின்ன வந்த பெருச்சாளி மாதிரியான பிராணி ஒன்றைக் குறிவைத்து வேட்டைத் துப்பாக்கியால் சுட்டான். ஒலிவாங்கியின் பஞ்சு ஆடிற்று. மாடுகள் ஓடின.

"யாரது? நிறுத்தச் சொல்லுங்க. அளவு கெட்டுப்போகுது," என்று நிபுணர் காதிலிருந்து கருவியைக் கழற்றினார்.

"டெல்மர், கொஞ்சம் நிறுத்துப்பா. இங்க சத்தம் அளக்கறாங்க."

"நான் என்னப்பா பண்ணேன்? பொழுதுபோக்கிட்டு இருக்கேன்," என்று கத்தினான் டெல்மர், இன்னொரு குண்டைப் போட்டுக்கொண்டே.

நிபுணரின் அறிக்கை வந்தது. பலகைச் சத்தம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருக்கிறது. ஆனால் துப்பாக்கிச் சத்தம் பலகைச் சத்தத்தைவிட அதிகமாக இருக்க வாய்ப்புண்டு. எனவே இந்த இடம் பலகை தட்டுவதற்கு முற்றிலும் உகந்தது.

இலை உதிரத் தொடங்கிவிட்டது. மான் வேட்டைக் காலம் நெருங்கியதால் ஹோட்டலில் ஆண்கள் எல்லோரும் வேட்டைக்காரர்கள் அணியும் ஆரஞ்சு நிறத் தொப்பியோடு மீன் சாப்பிட்டார்கள். ஆர்லோ எல்லாவற்றையும் மார்விஸிடம் சொன்னான். குருவி, சிவப்புப் பலகை, தட்டும் பலகை. அவள் ஒவ்வொன்றையும் கவனமாகக் கேட்டாள். இவ்வளவு நீளமாக அவன் பேசி அவள் கேட்டதேயில்லை.

"நீ வந்து ஒருதரம் பாத்தியானா..." என்று ஆரம்பித்தான்.

"பாத்தா?"

"மண்ணு சுத்தமா இருக்கு. ஒரு கல்லு கிடையாது."

மார்விஸ் காத்திருந்தாள். லவோன்கூடச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ஆர்லோ எலுமிச்சைத் துண்டை எடுத்து ஏற்கெனவே பிழிந்த மீன் மேல் மறுபடியும் பிழிந்தான்.

லவோன் பெருமூச்சு விட்டாள். "ஏன் ஆர்லோ, பனி விழுந்தா எங்க தங்கச்சி மண்ணுல படுத்துத் தூங்கவா போறா? சுத்தமா இருக்காம் மண்ணு."

"விடு லவோன்," என்றாள் மார்விஸ். "விசாரணை என்னைக்கு?"

"செவ்வாய்க்கிழமை. சாயங்காலம். பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறையில."

அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. இந்தத் தடவை போகும்போது, வேற ஏதாச்சும் உண்டா என்றும் கேட்கவில்லை. லவோன் கடை மாடியில் மார்விஸ் புதுத் திரைச்சீலை தைத்துப் போட்டிருக்கிறாள் என்று டெல்மர் போன வாரம் சொல்லியிருந்தான். திரைச்சீலை தைக்கிறவள் திரும்பிவரும் யோசனையில் இருக்கிறவள் இல்லை.

பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறையில் உருளைக்கிழங்கு வறுவல் வாசனை அடித்தது. நில உபயோகத்துக்கு அனுமதி கொடுக்கும் குழுவின் உறுப்பினர்கள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர் திருமதி டிட்மார். அவருக்கு மட்டும் பெரிய நாற்காலி. பின்வரிசையில் லவோனுக்குப் பக்கத்தில் மார்விஸ் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் ஆர்லோ தன் இடத்துக்குப் போகாமல் நின்றுவிட்டான். ஒருவர் அவன் தோளைத் தொட்டு, விண்ணப்பதாரர் முன்னால் உட்கார வேண்டும் என்றார்.

திருமதி டிட்மார் எழுந்து பேசினார்.

"இந்தக் குழு பாதுகாப்புக்கு எதிரானதுன்னு சிலர் சொல்றாங்க. மனசு வலிக்குது. நாங்க பாதுகாப்புக்கு எதிரி இல்ல. எங்க அனுமதி இல்லாம பாதுகாப்பு நடந்துடக் கூடாதுங்கறதுதான் எங்க கவலை. இன்னைக்கு ஒருத்தர் அவர் இஷ்டத்துக்கு மேடு போட்டுப் பத்திரமா இருந்துட்டார்னு வைங்க. நாளைக்கு எல்லாரும் பத்திரமா இருக்க ஆரம்பிச்சுடுவாங்க. அப்புறம் இந்தக் குழு எதுக்கு?"

சிலர் கைதட்டினார்கள்.

உறுப்பினர் கஸ் ப்ளோம் அடுத்துப் பேசினார். பெரிய ஆள், ஆரஞ்சுத் தொப்பி. "என்னைத் துப்பாக்கிக்கு விரோதின்னு யாரும் நினைக்க வேண்டாம். ஆயுசு முழுக்க என் கொல்லையில சுடறவன் நான். எனக்கு மேடு கிடையாது. கூரை கிடையாது. பல நேரம் எந்தப் பக்கம் பாத்துச் சுடறேன்னு எனக்கே தெரியாது. ஒரு விதியையாவது மீறியிருக்கேனா? கிடையாது. ஏன்னா நான் எதையும் கட்டல. சட்டத்தை மதிச்சு வாழறதுன்னா இதுதான். மிஸ்டர் ஃபென்ஸ்கி இதை யோசிக்கணும்."

இந்தத் தடவை பலமாகக் கைதட்டினார்கள்.

ராஸ்க் எழுந்தார். எப்போதும்போல அன்பாக ஆர்லோவைப் பார்த்தார். அலுவலகத்தின் பரிந்துரையை வாசித்தார். "மண்மேட்டையும் கொட்டகையையும் அகற்றி, நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். சலவை மெஷின் இருந்த இடத்திலேயே இருக்கலாம். அதன்பின் விண்ணப்பதாரர் எந்தத் திசையிலும், எந்த நேரத்திலும், எவ்விதக் கட்டுப்பாடுமின்றிச் சுடலாம். அவருடைய முழுச் சுதந்திரமும் அவருக்குத் திரும்பக் கிடைக்கும்." வாசித்து முடித்துவிட்டுத் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். "உங்க கேஸ்ல இதைவிட நல்ல முடிவு வாங்கிக் கொடுக்க முடியாது, மிஸ்டர் ஃபென்ஸ்கி. நான் ரொம்பப் போராடினேன்."

"நன்றி சார்," என்றான் ஆர்லோ.

மேடு போய்விட்டது. அவன் அதை மனதில் பார்த்தான். சலித்த மண்ணையெல்லாம் டிராக்டர் அள்ளிக்கொண்டு போகிறது. சரிவில் மெஷின் மட்டும் நிற்கிறது. இனிமேல் மார்விஸிடம் கொண்டுபோய்க் காட்ட அவனிடம் ஒன்றும் இல்லை.

"ஓட்டெடுப்புக்கு முன்னாடி ஒரு சின்ன சந்தேகம்," என்றார் ப்ளோம், விண்ணப்பத்தைத் தூக்கிப் பிடித்து. "வாரத்துக்கு எத்தனை தடவை சுடுவீங்கன்னு இருக்கற இடத்துல ஒண்ணும் எழுதல. எத்தனைன்னு போட்டுக்கலாம்?"

ஆர்லோ எழுந்தான். "ஒண்ணும் இல்ல சார்."

"ஒண்ணும் இல்லன்னா?"

"சுடற உத்தேசம் இல்ல. அந்தக் குண்டு திரும்பி வந்த அன்னைக்கப்புறம் நான் துப்பாக்கியத் தொடல. பூட்டி வச்சிட்டேன். டெல்மர் கூப்பிட்டாலும் போறதில்ல."

அறையில் சலசலப்பு எழுந்தது. பின்வரிசையில் லவோன், "இதை ஏன்டா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சொல்லல," என்று முணுமுணுத்தது முன்வரிசை வரைக்கும் கேட்டது.

ராஸ்க்கின் முகம் முதல் தடவையாகக் கலவரப்பட்டது. யாரும் சுடாத சுடுகளத்துக்கு எந்தப் பிரிவு பொருந்தும் என்று புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார்.

"மிஸ்டர் ஃபென்ஸ்கி," என்றார் ப்ளோம், உண்மையாகவே ஒன்றும் புரியாமல். "சுடவே போறதில்லன்னா இத்தனை மாசமா எங்க எல்லாரையும் எதுக்கு இழுத்தடிச்சீங்க? இந்த மேடு எதுக்கு?"

ஆர்லோ பதில் சொல்ல வாயைத் திறந்தான். லாரியில் பேசிய பேச்சு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அவன் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தான். மார்விஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மார்விஸ்," என்றான்.

திருமதி டிட்மார் சுத்தியால் மேஜையைத் தட்டினார். "விண்ணப்பதாரர் பார்வையாளர்களோட பேசக் கூடாது. எதுவா இருந்தாலும் தலைமையைப் பாத்துத்தான் சொல்லணும். அது விதி."

"சரிங்க மேடம்," என்றான் ஆர்லோ. அவன் யாருடைய விதியையும் மீறிப் பழகாதவன். திரும்பினான். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கோட்டுப் பையில் விட்டு, பிறகு வெளியே எடுத்தான். திருமதி டிட்மாரின் மூக்குக் கண்ணாடியையே உற்றுப் பார்த்தான்.

"மேடு நிக்காது போல இருக்கு. அனுமதி வந்ததும் கூப்பிடலாம்னு இருந்தேன். கையில ஒண்ணும் இல்லாம எப்படிக் கேக்கறதுன்னு எனக்குத் தெரியல." ராஸ்க் புத்தகத்தைப் புரட்டுவதை நிறுத்தினார். "அந்த வீட்டுல நான் மட்டும் இருக்க முடியல. நான் ஒரு வார்த்தை கூப்பிடவே இல்ல. இப்பக் கூப்பிடறேன்."

"தலைமையைப் பாத்து," என்று திருமதி டிட்மார் மெதுவாக நினைவூட்டினார்.

அவன் தலைமையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் அசைக்காமல், திருமதி டிட்மாரின் முகத்துக்கு நேராகவே சொன்னான்.

"வீட்டுக்கு வந்துடு, மார்விஸ்."